பாதி ஊசி

பிரேக் மேடம் என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிறவர் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் வலது காலை வைத்தபடியே அவள் தன் ஆயுளில் பாதியைக் கழித்திருந்தாள். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறவராக இருந்தாலும் சரி, அவள் காலை எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. தடுமாறுகிறவனைவிட நன்றாக ஓட்டுகிறவன்தான் ஆபத்து, அவன்தான் நம்மை அசர வைப்பான் என்பது அவள் கட்சி.

அந்தத் தொழில் அவளுக்கு மூன்று பழக்கங்களைக் கொடுத்திருந்தது. ஒன்று, மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைப் பார்ப்பாள். முகம் ஆயிரம் சொல்லும், பெடலை மிதிக்கப்போவது கால்தானே. இன்னொன்று, தன் முகத்தில் எதையும் காட்ட மாட்டாள். சொல்லிக்கொடுக்கிறவள் முகம் மாறினால் கற்றுக்கொள்கிறவன் கை மாறிவிடும். எதிரே லாரி வந்தாலும், உப்பை இப்படித் தள்ளுங்கள் என்று கேட்கிற குரலில் "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்பாள். லைசென்ஸ் ஆபீசில் எழுத்தராக இருந்த அவள் கணவர் மாரடைப்பில் போனபோதும் அதே முகம்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களின் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்க, வாசலுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்க வைத்தாள். கல்நெஞ்சக்காரி என்று உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். மூன்றாவது பழக்கம் மதிப்பெண். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இவ்வளவு என்று சொல்லுவாள். ஆறு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டார்கள். ஏழுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் அசந்தாள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், ரிவர்ஸ் எடுப்பதைத் தவிர எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே நின்று கையைக் காட்டினால் புரியும் என்று கெஞ்சினார். அவள் காரைவிட்டு இறங்கினாள். வாத்தியார் பிரேக் என்று நினைத்து மிதித்தது வேறொன்றை. கார் பின்னால் பாய்ந்து, அவளுடைய வலது முழங்காலைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. முழங்கால் சில்லு உடைந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் அவள் கத்தவில்லை. அழுதது வாத்தியார்தான்.

அறுவை சிகிச்சை செய்து, உடைந்த துண்டுகளைக் கம்பி போட்டுச் சேர்த்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நாளையிலிருந்தே முழங்காலை மடக்கிப் பழக வேண்டும். வீட்டுக்குப் போவதற்குள் ஓரளவாவது மடங்க வேண்டும். விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் திறப்பது பெரும்பாடு. இறுகிய கால் நடக்கும், ஆனால் ஒரு பெடலிலிருந்து இன்னொரு பெடலுக்குப் போகாது. அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அவள் ஏற்கெனவே போர்வைக்குள் காலை அசைத்துப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருந்தாள். அவளுக்கு இருந்தது ஒரு கார், ஒரு தொழில். இரண்டும் அந்த முழங்காலின் மடிப்பில் இருந்தன.

முதல் நாள் ஊசி தானாகவே வந்தது. மார்ஃபின் என்றார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் வலி யாரோ பக்கத்து அறைக்குக் கூட்டிப்போன மாதிரி விலகிப்போனது. இரண்டாம் நாள் அது வரவில்லை. மாத்திரைகள் மட்டும் நேரத்துக்கு வந்தன. காலையில் உயரமான ஒரு நர்ஸ் வந்து, "வலி எப்படிம்மா இருக்கு? பூஜ்யம்னா இல்லவே இல்ல, பத்துன்னா தாங்க முடியல. பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

பிரேக் மேடம் யோசித்தாள். முழங்காலுக்குள் யாரோ ஸ்பானரை வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பத்து என்பது யாருக்கும் கொடுக்கிற எண் அல்ல. கத்துகிற அளவுக்கு வந்தால் ஐந்து கொடுக்கலாம்.

"மூணு" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபித் தம்பி முற்பகலில் வந்தான். சிரித்த முகம், சுத்தமான வெள்ளைக் காலணி. அவள் குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, மெதுவாகத் தள்ளச் சொன்னான். கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தொடைத் தசை முழுவதும் கட்டைபோல் இறுகி நின்றது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்றான். கடைசியில் சலிப்பை மறைத்துக்கொண்டு, "நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்மா. வலியும் அவ்வளவா இல்லன்னுதான் எழுதியிருக்கு. பயம்தான்" என்றான். பயம் என்று அவளைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு உடைந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒருத்தி இருந்தாள். படுத்தபடியே துப்புரவுப் பணியாளர் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் பாலிசி விற்கப் பார்க்கிறவள். அவளுக்கு வலித்தால் வார்டுக்கே தெரியும். அம்மா என்று ஆரம்பித்து, பெற்றவர்கள் இருவரையும் கூப்பிட்டு முடிப்பாள். அவளுக்கு ஊசி வந்துகொண்டே இருந்தது.

ஊசி வரும் முறையைப் பிரேக் மேடம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். எப்போதும் இரண்டு நர்ஸ்கள். ஒருத்தி கையில் சாவி. பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வெளியே வரும். கழுத்தை உடைத்து ஊசியில் ஏற்றுவார்கள். ஆனால் முழுவதையும் அல்ல. பாதிக்கு மேல் குப்பியிலேயே நிற்கும். அந்த மீதியை இருவரும் ஒரு மூலைக்குக் கொண்டுபோய், ஒருத்தி பார்க்க மற்றவள் ஏதோ டப்பாவில் கொட்டுவாள். பிறகு இருவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் ஏஜெண்ட், ஊசி வேலை செய்ய ஆரம்பித்த இதமான குரலில். "எனக்குப் பாதிதான். கொட்டறது வெறும் தண்ணியா இருக்கும். மருந்து எந்தப் பையில போகுதோ. நான் இருபது வருஷமா கிளைம் பார்க்கறவ, எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"எனக்குப் பாதியாவது வருதே. உங்களுக்கு அதுவும் இல்ல."

அன்றைக்குப் பூராவும் அந்த வார்த்தை அவளைக் குடைந்தது. எனக்கு வர வேண்டியது எங்கே போகிறது? அவள் படுத்த இடத்திலிருந்து தெரிந்ததெல்லாம் கால்கள்தான். உயர நர்ஸின் காலணி தரையில் கீச்சிடும். வாசலிலிருந்து ஒரே வேகத்தில் வரும் அந்தச் சத்தம், தன் கட்டிலருகே வந்ததும் அரை நொடி தயங்கி, பிறகு அவசரமாகத் தாண்டிப்போவதைக் கவனித்தாள். சிக்னலில் போலீஸ்காரர் நிற்பதைப் பார்த்த, லைசென்ஸ் இல்லாதவன் வண்டி அப்படித்தான் போகும். இவள் எதையோ மறைக்கிறாள். அதில் பிரேக் மேடத்துக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். தலைமாட்டில் அவள் தங்கை உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். உயர நர்ஸ் வந்ததும் பிரேக் மேடம் கேட்டாள், எனக்கும் அந்த ஊசி உண்டா என்று. நர்ஸின் கண் ஒரு கணம் தங்கையின் பக்கம் போய்த் திரும்பியது. பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். பிரேக் மேடம் தாராள மனதோடு நாலு என்றாள். நாலுக்கு மாத்திரையே போதும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் நகர்ந்தாள். தங்கை ஆரஞ்சுச் சுளையை அக்காவின் வாயருகே நீட்டினாள். "எதுக்குக்கா அதெல்லாம்? நல்லாதானே இருக்க."

மாலையில் வேறு நர்ஸ்கள் வந்தார்கள். அவர்களிடம் கேட்டதும் ஒரு ஊசி கிடைத்தது. பாதிதான், அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாதியாக இருந்தும் அந்த வேளை சுகமாகப் போனது. முழங்காலை அவளே கொஞ்சம் அசைத்துக்கூடப் பார்த்தாள். ஆனால் அப்போது பயிற்சித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். அவன் வருகிற வேளையில் மருந்து இருக்காது, மருந்து இருக்கிற வேளையில் அவன் இருக்க மாட்டான். இருவரும் பேசிவைத்துக்கொண்டா வருகிறார்கள்? அடுத்த ஊசிக்கு நாலு மணி நேரம் ஆக வேண்டும் என்றார்கள். மூன்று மணி நேரத்திலேயே ஸ்பானர் திரும்ப வந்துவிட்டது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். நாலு மணி நேரம் முடிந்த நிமிடத்தில் மணியை அழுத்தினாள்.

காலையில் உயர நர்ஸ் தன் தோழியிடம் தாழ்ந்த குரலில் பேசியது பிரேக் மேடத்தின் காதில் விழுந்தது. "மூணு, நாலுன்னு சொல்றாங்க. ஆனா கடிகாரத்தையே பார்த்துட்டுக் கிடந்தாங்களாம். ஊசி பழகிடப்போகுது, கொஞ்சம் கவனிச்சுக்கோ."

திருடுகிறவள் என் மேலேயே பழியைப் போடுகிறாள். அன்று பயிற்சித் தம்பி வந்தபோது முழங்கால் முந்தின நாள் மடங்கிய அளவுக்குக்கூட மடங்கவில்லை. அவன் எதுவும் சொல்லாமல் காலை மெத்தையில் வைத்துவிட்டுப் போனான். அந்த மௌனம்தான் அவளை உலுக்கியது. வாத்தியாருக்கு ரிவர்ஸ் வராது என்று முடிவு கட்டிய நாளில் அவளும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

டாக்டர் சுற்றி வந்தபோது நர்ஸ்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள். கால் ஏன் மடங்கவில்லை என்று அவர் கேட்டார். பிரேக் மேடம், லாரி எதிரே வரும்போது பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"டாக்டர், என் ஊசியில பாதி எங்க போகுது? மீதி ஊசி எல்லாம் எங்க போகுது?"

பாலிசி பேசிக்கொண்டிருந்த ஏஜெண்ட் பேச்சை நிறுத்திவிட்டு, கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போன்ற படுக்கை அது.

உயர நர்ஸின் காதுமடல் சிவந்தது. குப்பியில் இருப்பது நீங்கள் எழுதிய அளவைவிட அதிகம், மீதியை இரண்டாவது ஆள் பார்க்கக் கொட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதானே விதி, என்று அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். யாரும் எடுத்துவிடக் கூடாது என்றுதான் அப்படி ஒரு ஏற்பாடு என்று பிரேக் மேடத்திடம் விளக்கினார். பிறகு காகிதங்களைப் புரட்டிவிட்டு அவரே புருவத்தைச் சுருக்கினார். இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சைக்கு ஏன் இத்தனை குறைவாகப் போட்டிருக்கிறது? தேவைப்படும்போது கொடுக்கலாம் என்றுதானே எழுதியிருக்கிறேன்?

"அவங்க கேக்கலை டாக்டர். கேட்டப்பவும் நாலுன்னாங்க."

"கேக்கணும்னு யார் எனக்குச் சொன்னா?" என்றாள் பிரேக் மேடம். உண்மையில் சொல்லியிருந்தார்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவள் கிடந்த நேரத்தில்.

டாக்டர் போன பிறகு உயர நர்ஸ் மட்டும் திரும்பி வந்து, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் கால்கள் தயங்கின. ஆனால் இந்தத் தடவை ஓடவில்லை.

"அம்மா, என்னைத் திருடின்னு சொல்லிட்டீங்க. அதனால சொல்றேன், இல்லன்னா சொல்லியிருக்க மாட்டேன். உங்க தங்கச்சிதான் என்னைத் தனியா கூப்பிட்டு, கையைப் பிடிச்சுட்டு அழுதாங்க. உங்க அண்ணன் குடிச்சே போயிட்டாராம். இந்த ஊசி பழகிட்டா அக்காவும் அப்படி ஆயிடுவா, நீங்களா போய்க் கொடுத்துடாதீங்க, கேட்டாலும் தள்ளிப்போடுங்கன்னாங்க."

பிரேக் மேடம் நர்ஸின் காலணியைப் பார்த்தாள்.

"நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடதும்தான். ஆனா உங்க முகத்தைப் பார்த்தா வலிக்கற மாதிரியே இல்லம்மா. எனக்கும் உங்களுக்கு வேணாம்னுதான் பட்டது. இந்த மாதிரி வலிக்கு, இந்த அளவுல, நாலஞ்சு நாள் போடறதுல அப்படியெல்லாம் ஆக மாட்டாங்க. நாங்களும் பார்த்துட்டேதான் இருப்போம்."

தங்கை மதியம் சூப்போடு வந்தாள். அக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள். தங்கை மறுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கிண்ணத்தின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அண்ணனைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டது தான்தான் என்றாள். அக்கா வாரத்துக்கு ஒரு முறை காரில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவாள். ராப்பகலாக அந்த வாடையில் கிடந்தது யார்?

"அண்ணன் வலிக்காகவா குடிச்சான்?" என்றாள் அக்கா.

"அது உனக்கு எப்படித் தெரியும்? நீ கேட்டியா? அவனும் உன்ன மாதிரிதான். ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. "என் கால் மடங்கலன்னா நான் வண்டியில ஏற முடியாது. அது தெரியுமா உனக்கு?"

"ஏற வேணாம்கா." தங்கை சட்டென்று சொன்னாள். சொன்ன வேகத்தில் அவளே கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது. "ஏறினது போதும். என்கூட வந்து இரு. அவரு டியூட்டின்னு போயிடறாரு, பசங்களும் வெளியூர். அவ்வளவு பெரிய வீட்ல நான் ஒருத்திதானே."

பிரேக் மேடம் தங்கையின் கால்களைப் பார்த்தாள். செருப்புக்குள் விரல்கள் சுருண்டு மடங்கியிருந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. பயமாக இருக்கலாம். பாசமாகவும் இருக்கலாம். முகத்தை நம்பாதவளுக்குக் கால்தான் கதி, அந்தக் காலும் இப்போது கையை விரித்துவிட்டது. ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. இந்த முழங்கால் மடங்காமல் போனால் தங்கைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அது தங்கைக்கே தெரியுமோ தெரியாதோ. அண்ணனை நினைத்து அழுதது பொய்யாக இருக்காது. ஆனால் ஒரே அழுகையில் இரண்டு காரணங்கள் உட்கார இடம் உண்டு.

மறுநாள் காலை அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பயிற்சித் தம்பி எப்போது வருவான் என்று விசாரித்து, அதற்குக் கொஞ்சம் முன்பாகவே மணியை அழுத்தினாள். உயர நர்ஸ் வந்து, பத்துக்கு எத்தனை என்று வழக்கம்போல் கேட்டாள்.

அவள் தன் ஆயுளில் யாருக்கும் கொடுக்காத எண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எட்டு" என்றாள். பிறகு, "வலிக்குது சிஸ்டர்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு நர்ஸ்கள் சாவியோடு வந்தார்கள். பிரேக் மேடம் குப்பியைத் தன் கண்ணெதிரே உடைக்கச் சொன்னாள். எழுத்தைப் படிக்கக் கண்ணாடி கேட்டாள். ஏறிய அளவைப் பார்த்தாள், கொட்டிய மீதியையும் கடைசிச் சொட்டு வரை பார்த்தாள். கூட வந்திருந்த சின்ன நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடறீங்களா?" என்றாள். போடலாமா என்று பிரேக் மேடம் நிஜமாகவே கேட்டாள். கூடாது என்றார்கள். அதற்கு என்ன காரணமோ என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

பயிற்சித் தம்பி வந்தபோது வலி கட்டிலைவிட்டு இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. போய்விடவில்லை. ஆனால் தொடை கட்டையாக இல்லை. அவன் ஏந்திப்பிடித்த குதிகால் மெத்தையில் மெல்ல வழுக்கி அவளை நோக்கி வந்தது. நின்றது. மூச்சை விடுங்கள் என்றான். இன்னும் வந்தது. நேற்று வரை மடங்கியதைப்போல் இரண்டு மடங்கு மடங்கியபோது அவள் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வெளியே வந்துவிட்டது. அவள் அதைத் தடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில் ஏஜெண்ட், கடைசியில் நம்ம ஆளாயிட்டீங்க என்பதுபோல் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க தம்பி?" என்று கேட்டாள் பிரேக் மேடம். "சொன்ன நேரத்துக்கு வரணும். அதுக்கேத்த மாதிரி நான் கேட்டு வாங்கணும்."

அவன் ஒரு நேரத்தைச் சொன்னான். அவள் உயர நர்ஸையும் கூப்பிட்டு அவள் முன்னால் அதே நேரத்தை இன்னொரு முறை சொல்ல வைத்தாள். பிறகு நர்ஸிடம், "இனிமே என் வலியைப் பத்தி வேற யார் வந்து என்ன சொன்னாலும் முதல்ல என்கிட்ட வந்து சொல்லிடுங்க" என்றாள். நர்ஸ் சரிம்மா என்றாள். அந்தச் சரியில் எவ்வளவு உண்மை என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மதியம் தங்கை வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனாலும் தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "இன்னைக்குக் கால் மடங்குச்சாக்கா?"

"ஏதோ கொஞ்சம்" என்றாள் அக்கா, முகத்தில் எதையும் காட்டாமல். தங்கை அந்தப் பக்கம் திரும்பி ஸ்பூனைத் தேடியபோது, மருந்தின் வேகம் இன்னும் மிச்சம் இருக்கையிலேயே, போர்வைக்குள் குதிகாலைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.